தாதா வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோ அரிசி? ஃபேண்டஸி எழுதறவங்களுக்கு ஒரு கேள்வி பதில்

வணக்கம் மக்களே. பதினாலு வருஷம் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை பார்த்தேன், பங்களா, குடோன், கல்யாண மண்டபம்னு நிக்காத கேட் இல்ல, இப்ப நாலு வருஷமா ஃபேண்டஸி எழுதிட்டு இருக்கேன். கதையில வர்ற கூட்டத் தலைவனோட வீடு, காவல் பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கு, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

கேள்வி: அண்ணா, என் வில்லன் கடத்தல் கூட்டத் தலைவன். மலை உச்சில கறுங்கல் கோட்டை, சுத்தி 500 காவல் வீரர்கள். படிச்ச எல்லாரும் நம்பற மாதிரி இல்லன்னு சொல்றாங்க, எங்க தப்பு?

தம்பி, மலை உச்சில கோட்டை கட்டறவன் அரசன். உங்க ஆளுக்கு வருமானம் துறைமுகத்துலயும் சந்தையிலயும் இருக்கு, அவன் மலைமேல உக்காந்தா கீழ இருக்கறவன் ஒரே மாசத்துல கணக்க மாத்தி எழுதிடுவான். அதனால கல்லு, கதவு எல்லாத்தையும் தள்ளி வெச்சுட்டு முதல்ல ஒண்ணு முடிவு பண்ணுங்க, இவன் யாருக்குப் பயப்படறான்? அரசாங்கத்துக்கா, எதிர்க்கூட்டத்துக்கா, கூடவே இருக்கறவனுக்கா? மூணுக்கும் வீடு வேற வேற. அரசாங்கத்துக்குப் பயந்தா வீடு கண்ணுலயே படக்கூடாது, எதிரிக்குப் பயந்தா சுவர் உயரும், கூட இருக்கறவனுக்குப் பயந்தா படுக்கையறை எதுன்னு யாருக்கும் தெரியாது, தினம் ரூம் மாத்திப் படுப்பான்.

அடுத்து அந்த 500 பேர். ஒரு இடத்துல ராப்பகலா ஒரு ஆள் நிக்கணும்னா 8 மணி நேர ஷிஃப்ட்டுக்கு 3 பேர், வார லீவு, காய்ச்சல், ஊர்த் திருவிழான்னு சேர்த்தா குறைஞ்சது 4, நிம்மதியா ஓடணும்னா 5. பன்னெண்டு இடத்துல காவல் போட்டாலே 60 பேர் ஆச்சு. ஆளுக்கு வேளைக்கு 150 கிராம் அரிசின்னு ரெண்டு வேளைக்குக் கணக்கு போட்டா தினம் 18 கிலோ, இது அரிசி மட்டும். விறகு யாரு கொண்டு வர்றா, அறுபது பேரும் எங்க தூங்கறான், எங்க குளிக்கறான், கக்கூஸ் எங்க? இதெல்லாம் போரடிக்கும்னு நினைக்காதீங்க, உங்க ப்ளாட்டே இதுக்குள்ளதான் இருக்கு. உள்ள எத்தனை பேர் இருக்கான்னு கண்டுபிடிக்க ஹீரோயின் மதில் ஏற வேண்டியதில்ல, மூட்டை எத்தனை போகுதுன்னு அரிசிக் கடைக்காரர்கிட்ட பேச்சுக் குடுத்தா போதும்.

கேள்வி: தலைவன்னா ஆடம்பரமா இருக்கணுமா, எளிமையா இருக்கணுமா?

ரெண்டுமே நிஜத்துல நடந்திருக்கு. கொலம்பியாவுல போதைக் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபார் அசியெண்டா நாப்போலெஸ்னு பெரிய பண்ணை கட்டி நீர்யானை எல்லாம் கொண்டு வந்து விட்டான், அதுங்க பெருகி இன்னைக்கும் அந்த ஊருக்குத் தலைவலி. அந்தப் பக்கம் சிசிலி மாஃபியாவோட பெர்னார்டோ ப்ரோவென்சானோ, 1963-ல இருந்து 43 வருஷம் தலைமறைவு, 2006 ஏப்ரல்ல பிடிபட்டது எங்கன்னா சொந்த ஊரான கொர்லியோனே பக்கத்துலயே ஒரு ஆட்டுக்காரரோட பண்ணை வீட்டுல. உள்ள என்ன இருந்துச்சு, டைப்ரைட்டர், பைபிள், பாலாடைக்கட்டி. ஒரு பெரிய சாம்ராஜ்யத்தை அந்தச் சின்ன வீட்டுல இருந்து துண்டுச் சீட்டுலயே நடத்தியிருக்கான்!

போலீஸ் எப்படி அங்க வந்து சேர்ந்துச்சுங்கறதுதான் நீங்க குறிச்சு வெச்சுக்க வேண்டியது. அவன் மனைவி வீட்டுல துவைச்ச துணி மூட்டையா கட்டிக் கிளம்புது, கை மாறி கை மாறிப் போகுது, பின்னாடியே கண்காணிச்சுப் போனா பண்ணை வீடு. 43 வருஷக் காவலைத் துவைச்ச துணி உடைச்சிருச்சு. உங்க தலைவனுக்கு எது இல்லாம இருக்க முடியாதுன்னு ஒண்ணு வைங்க, துணியோ, மருந்தோ, ஊர்ல இருந்து வர்ற கருவாடோ. கோட்டையோட ஓட்டை அதுதான்.

கேள்வி: ரகசிய சுரங்கம் வைக்கலாமா அண்ணே, இல்ல பழைய சரக்கா?

தாராளமா வைங்க, ஆனா வேலை செய்யற மாதிரி வைங்க. மெக்சிகோவுல போதைக் கடத்தல் தலைவன் எல் சாப்போ வீடு குலியாகான் ஊர்ல, 2014 பிப்ரவரில கடற்படை ஆளுங்க இரும்புக் கதவை இடிச்சு உள்ள வர்றதுக்குள்ள குளியல் தொட்டியைத் தூக்கிட்டு அடியில இருந்த சுரங்கம் வழியா ஊர்ச் சாக்கடைக்குள்ள இறங்கிப் போயிட்டான். கவனிங்க, கதவோட வேலை யாரையும் தடுத்து நிறுத்தறது இல்ல, அவன் தொட்டிக்குக் கீழ இறங்கற அளவுக்கு நேரம் வாங்கித் தர்றது. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா உங்க சீன் தானா எழுந்து நிக்கும்: கதவு எத்தனை நேரம் தாங்கும், படுக்கையில இருந்து சுரங்கம் எத்தனை அடி, கால்ல அடிபட்டிருந்தா என்ன ஆகும். மறு வருஷம் ஜூலைல ஜெயில்ல இருந்தும் ஒண்ணரை கிலோமீட்டர் சுரங்கம் வழியாத்தான் தப்பிச்சான், உள்ள தண்டவாளம் போட்டு அது மேல மோட்டார் சைக்கிள்.

நம்ம பக்கம் அர்த்தசாஸ்திரத்துலயே அரசன் இருக்கற இடத்துக்கு சுவருக்குள்ள மறைவழி, நிலவறை, தூணுக்குள்ள படிக்கட்டு எல்லாம் வைக்கச் சொல்லியிருக்கு. ஆனா எல்லாக் கதையிலயும் விட்டுடற கேள்வி ஒண்ணு உண்டு, தோண்டினவன் யாரு? அந்த மண்ணு எங்க போச்சு? தோண்டின கொத்தனார் உயிரோட இருந்தா அவருக்குத் தெரியும், இல்லன்னா அவரோட மகளுக்கு அப்பா ஏன் திரும்பி வரலைன்னு தெரியும். எனக்கு யாராவது இந்த மகளைப் பத்தி ஒரு நாவல் எழுதித் தந்தா ராத்திரி பூரா படிப்பேன்.

கேள்வி: என் உலகத்துல வீட்டைச் சுத்தி மந்திரக் கட்டு இருக்கு. அனுமதி இல்லாதவன் கால் வெச்சா சாம்பல். அப்புறம் ஹீரோ எப்படி உள்ள போறது?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா இதுக்கு பதில் என் வேலையிலயே இருக்கு. ஒரு பெரிய பங்களாவுல நாலு வருஷம் நைட் டூட்டி பார்த்தேன். கேட்ல தடிமனா ஒரு ரிஜிஸ்டர், வர்ற ஒவ்வொருத்தரும் பேரு, நேரம், யாரைப் பார்க்கணும், கையெழுத்து. ஒரு தடவை வீட்டுல நகை காணாம போச்சு, போலீஸ் வந்து ரிஜிஸ்டரைப் புரட்டுனாங்க, நானும் பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்தேன். பால்காரர் பேர் ஒரு பக்கத்துல கூட இல்ல. தினமும் காலைல அஞ்சே காலுக்கு சைக்கிள் பெல் அடிப்பாரு, எங்க ஆளு தூக்கக் கண்ணோட கொண்டியைத் தூக்குவான், அவர் பின்கட்டு வரைக்கும் போயிட்டு வருவாரு, அவருக்குக் கையெழுத்துன்னு யாருக்கும் தோணவே இல்ல. அவர் எடுக்கல, அது வேற கதை. ஆனா நாலு வருஷம் தினம் உள்ள வந்துட்டுப் போன ஒரு மனுஷன் எங்க கணக்குலயே இல்லைங்கறது அன்னைக்கு எனக்கு உள்ளுக்குள்ள உறைச்சிருச்சு.

உங்க மந்திரக் கட்டும் அதே கேட்தான். அது பால்காரரை, குப்பை அள்றவரை, மருத்துவச்சியை, தலைவனோட தங்கச்சி பிள்ளைங்களை உள்ள விட்டே ஆகணும். அந்த அனுமதியை அது எப்படி அடையாளம் காணுது, ரத்தத்தையா, பேரையா, கையில கட்டின கயித்தையா? கயிறுன்னா திருடலாம், பேருன்னா அதே பேர்ல இன்னொருத்தன் இருப்பான், ரத்தம்னா தலைவன் வெளிய சொல்லாத ஒரு பிள்ளை இருக்கலாம். கட்டை யார் போட்டா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அந்த மந்திரவாதிக்குக் கூலி பாக்கி இருக்கா, இதையும் எழுதுங்க. கூலி பாக்கி வெச்ச தலைவனைவிட ஆபத்துல இருக்கறவன் எவனும் இல்ல.

கேள்வி: காவலுக்கு டிராகன், ஓநாய் மாதிரி மிருகம் வெச்சா?

வைங்க, ஆனா கடிக்கற மிருகத்தைவிட சத்தம் போடற மிருகம் பெரிய காவல். கி.மு. 390 வாக்குல கால் (Gaul) இனத்துக்காரங்க படை ராத்திரில ரோம் குன்று மேல ஏறினப்ப நாய் குரைக்கல, வாத்து கத்தித்தான் எழுப்புச்சுன்னு ரோமானியக் கதை. அர்த்தசாஸ்திரத்துல பாம்பு விஷம் வந்தா கத்தறதுக்குக் கிளியும் மைனாவும், பாம்பைத் தின்ன கீரியும் மயிலும், விஷத்தைப் பார்த்தா கண்ணு நிறம் மாறற சகோரப் பறவையும் வளர்க்கச் சொல்லியிருக்கு. ஃபேண்டஸிக்கு இதைவிட என்ன வேணும்? ஒரு தலைவன் சாப்பிட உக்காரும்போது எதிர்ல கூண்டுல ஒரு பறவை, விருந்தாளி எல்லாரும் தட்டைப் பார்க்காம அந்தப் பறவை கண்ணையே பார்த்துட்டு இருக்காங்க, அந்த சீனை நினைச்சுப் பாருங்க.

டிராகன்னா தீனி யார் போடறாங்கன்னு சொல்லுங்க. எந்த மிருகமா இருந்தாலும் சோறு போடறவருக்குத்தான் முதல்ல அடங்கும்.

கேள்வி: தரையில முள்குழி, சுவர்ல அம்பு, இந்த மாதிரி பொறி?

ஆள் வாழற வீட்டுல வேண்டாம். குழந்தை, பூனை, குடிச்சுட்டு வர்ற மச்சான் எல்லாரும் நடக்கற தரை அது. கியோட்டோவுல 1603-ல கட்டின நிஜோ கோட்டைல நடந்தா பறவை மாதிரி கீச்சுனு சத்தம் போடற மரத்தரை இருக்கு, வேணும்னே அப்படிச் செஞ்சாங்களா பழசாகி அப்படி ஆச்சான்னு பேச்சு உண்டு, கதைக்கு ரெண்டுமே அழகு.

கேள்வி: மெய்க்காப்பாளனே துரோகி, இந்தத் திருப்பம் தேஞ்சு போச்சே அண்ணா, வேற வழி?

துரோகி ஆக்காதீங்க, சும்மா அந்த நேரத்துல அங்க இல்லாம பண்ணுங்க. நியூயார்க்ல மாஃபியா தலைவன் ஆல்பர்ட் அனஸ்தாசியாவை 1957 அக்டோபர்ல ஹோட்டல் சலூன் நாற்காலில உக்காந்திருந்தப்ப சுட்டாங்க, காவலாளி அப்ப பக்கத்துல இல்ல. அதே ஊர்ல இன்னொரு மாஃபியா தலைவர் பால் காஸ்தெல்லானோ ஸ்டேட்டன் ஐலண்ட் மேட்டுல வெள்ளை மாளிகைன்னே பேர் வாங்கின பங்களால இருந்தாரு, ஆனா 1985 டிசம்பர்ல செத்தது அந்த வீட்டுல இல்ல, ஒரு ஹோட்டல் வாசல்ல, கார்ல இருந்து இறங்கற நேரத்துல. வீடு எவ்வளவு பலமோ அவ்வளவுக்கு எதிரி வெளிய காத்திருப்பான். அதனால உங்க தலைவன் முடிவெட்ட எங்க போறான், கோயிலுக்கு எந்த வழியா போறான்னு எழுதுங்க. முடி வெட்டறவர் வீட்டுக்கே வர்றாருன்னா, கழுத்துப் பக்கம் தினம் கத்தி வைக்கற அந்த ஒரு மனுஷனைத் தலைவன் எப்படி நம்பறான்னு தனி சேப்டரே எழுதலாம்.

கேள்வி: ஒட்டுக்கேக்கற மந்திரம் இருக்கற உலகத்துல தலைவன் எங்க ரகசியம் பேசுவான்?

நிஜத்துலயும் இதே பாடுதான். அந்த காஸ்தெல்லானோ வீட்டுக்குள்ளயே 1983-ல எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேக்கற கருவி வெச்சிருச்சு, வெளிய யாரையும் நம்பாம எல்லாரையும் வீட்டுக்கு வரவெச்சுப் பேசினதே வினையாச்சு. அவருக்கு அப்புறம் வந்த ஜான் கோட்டி உஷாரா தெருவுல நடந்துட்டே பேசுவான், அவன் கூட்டம் கூடற கிளப்புக்கு மேல இருந்த ஒரு விதவை அம்மாவோட வீட்டுக்குப் போய்ப் பேசுவான், 1989 கடைசில அங்கயும் கருவி வந்துடுச்சு. பாதுகாப்பான இடம்னு ஒண்ணு பழகிப் போச்சுன்னா அதுதான் எதிரி காது வைக்கற இடம். உங்க தலைவன் ஆத்துக்குள்ள இடுப்பளவு தண்ணில நின்னு பேசலாம், நெல் குத்தற இடத்துல பேசலாம், ஆனா ரெண்டு தடவைக்கு மேல அதே இடம் வேண்டாம்.

கேள்வி: ஊர் மக்கள் ஏன் காட்டிக்குடுக்க மாட்டேங்கறாங்க? பயம் மட்டும் போதுமா?

போதாது. 1995 ஜனவரில ஜப்பான்ல கோபே நிலநடுக்கம் வந்தப்ப அங்க தலைமையகம் வெச்சிருந்த யமகுச்சி-குமிங்கற யாகூசா கூட்டம், அதாவது ஜப்பான் மாஃபியா, அக்கம்பக்கத்துக்கு சாப்பாடு, தண்ணி குடுத்துச்சு. லண்டன்ல ஜோனதன் வைல்ட் இன்னும் ஒரு படி மேல, திருட்டுக் கூட்டத்தை நடத்தினதும் அவன்தான், திருட்டுப் போனவங்க பணம் குடுத்துப் பொருளைத் திரும்ப வாங்க வந்து நின்னதும் அவன் ஆபீஸ்லதான், 1725-ல தூக்குல போடற வரைக்கும் கடை மாதிரி நடந்துச்சு. உங்க தலைவன் வீட்டு முன்வாசல் தொறந்தே இருக்கட்டும், திண்ணைல பஞ்சாயத்துக்கு ஆள் காத்திருக்கட்டும். அந்தத் தெருவுல புதுசா ஒரு முகம் வந்து நின்னா, தலைவனோட ஆளுக்கு முன்னாடி எதிர்வீட்டுப் பாட்டியே யாருப்பா நீன்னு கேட்டுடுவாங்க.

கேள்வி: அண்ணா, என் தலைவி ஒரு அம்மா. ஏழு வயசுப் பையன் வீட்டுல இருக்கான். பையனைக் காவலுக்குள்ள எப்படி எழுதறது?

தங்கச்சி, இத ரொம்ப கவனமா எழுதுங்க. எஸ்கோபார் 1993 டிசம்பர் 2-ம் தேதி மெதஜின்ல ஒரு சாதாரண வீட்டுல கூட ஒரே ஒரு காவலாளியோட ஒளிஞ்சிருந்தான். மகன்கிட்ட ஃபோன்ல பேசினான், அந்த அலையைப் பிடிச்சுத்தான் வீட்டைக் கண்டுபிடிச்சாங்க, ஓட்டு மேல ஏறி ஓடறப்ப செத்தான். அவ்வளவு ஜாக்கிரதையான ஆளுக்கும் பிள்ளை குரலைக் கேக்காம இருக்க முடியல.

உங்க பையனுக்கு காவல்னா என்னன்னே தெரியாது, அவனுக்கு அது வீடு. எந்தக் காவலாளி எப்ப தூங்குவான், எந்தப் படி கிரீச்னு சத்தம் போடும், எந்த மதில் ஓட்டைல கை விட்டா மாங்கா எட்டும் எல்லாம் அவனுக்குத்தான் தெரியும், அம்மாவுக்குக் கூடத் தெரியாது. அவன் வெளிய ஒரு ஃப்ரெண்டு பிடிக்கறான், அந்த ஓட்டை வழியா கோலி மாத்திக்கறாங்கன்னு ஆரம்பிங்க. ஓட்டையைப் பார்த்துட்ட காவலாளி அதை அடைக்கறதா வேண்டாமான்னு நிக்கற இடத்துல முதல் சேப்டரை முடிச்சு எனக்கு அனுப்புங்க, நான் படிச்சுட்டு சொல்றேன்.