போனில் குறும்படம்: நீங்கள் கேட்டவை

கல்லூரி மாணவர்களின் குறும்படங்களை எடிட் செய்து கொடுப்பது என் வேலை. வருகிறவற்றில் முக்கால்வாசி போனில் எடுத்தவை. கேள்விகள் நிறைய வந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது பன்னிரண்டாயிரம் ரூபாய் போன். கல்லூரிப் போட்டிக்கு எட்டு நிமிடப் படம். நல்ல கேமரா வாடகைக்கு எடுத்துவிடட்டுமா?

வேண்டாம் தம்பி. வாடகைக் கேமரா வந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். முதல் படம் ஒரே நாளில் முடியாது. போன் என்றால், சொதப்பிய காட்சியை அடுத்த ஞாயிறு மறுபடி எடுக்கலாம்.

2015-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட, இயக்குநர் ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’ முழுநீளப் படம். எடுத்தது ஐபோன் 5எஸ்-இல். அந்த போனில் 4கே என்கிற உயர்தெளிவு வீடியோ கூடக் கிடையாது. ஆனால் அவர்கள் போனோடு வந்த கேமராவை நம்பவில்லை. ஃபோகஸ், வெளிச்சம் எல்லாவற்றையும் கையால் வைக்க முடிகிற ஃபில்மிக் ப்ரோ செயலியில் எடுத்தார்கள். போன் எல்லாவற்றையும் தானே முடிவு செய்யும். கல்யாண வீட்டில் அது வசதி. படம் எடுக்கும்போது அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும்.

கேள்வி: எதை அணைப்பது? என் காட்சியில் கறுப்புச் சட்டை போட்டவர் உள்ளே வந்ததும் பின்சுவர் வெளுத்துப்போகிறது.

அதேதான். கறுப்பைப் பார்த்ததும் ‘இருட்டாகிவிட்டது’ என்று போன் வெளிச்சத்தைக் கூட்டுகிறது. நடிகரின் முகத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இருட்டை எடிட்டிங்கில் ஓரளவு தூக்கலாம், வெளுத்துப்போனதை யாராலும் மீட்க முடியாது. வண்ணமும் நடுவில் மாறாதபடி பூட்ட வேண்டும், செயலியில் ‘ஒயிட் பேலன்ஸ்’ என்று இருக்கும். அதற்கு ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா என்ற செயலி இருக்கிறது, இலவசம். பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலியும் இலவசம்தான், ஆனால் எல்லா ஆண்ட்ராய்டிலும் ஓடாது.

கேள்வி: வகுப்பறையில் எடுத்ததில் திரை முழுக்கக் கறுப்புப் பட்டை ஓடுகிறது. போன் கெட்டுவிட்டதா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. உங்கள் போன் நொடிக்கு 30 ஃப்ரேமில் (ஃப்ரேம் என்றால் ஒரு படம்), அந்தக் கணக்குக்கு ஒத்துவராத ஷட்டரில் (ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சத்தை வாங்கும் நேரம்) ஓடியிருக்கும். 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள், பட்டை போய்விடும். சில எல்.இ.டி. பல்புகள் இதற்கும் அடங்காது. அவற்றை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போய்விடுங்கள்.

கேள்வி: சார், லைட் வாங்கக் காசில்லை.

ஜன்னல் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம், அந்த வெளிச்சத்தை முகத்தில் திருப்பி அடிக்க ஒரு தெர்மாகோல் அட்டை. பெரிய யூனிட்டிலும் தெர்மாகோல் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். வெயில் நேராக அடித்தால் ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். இரவுக் காட்சியை நடு இரவில் எடுக்காதீர்கள், போன் புள்ளி புள்ளியாகக் கொட்டும். சூரியன் மறைந்த அடுத்த இருபது நிமிடத்தில், வானம் நீலமாக இருக்கும்போது எடுங்கள். அப்புறம், லென்ஸைத் துடையுங்கள். பாதிப் பேர் துடைப்பதில்லை.

கேள்வி: வசனமே கேட்கவில்லை, ‘உஸ்ஸ்’ என்ற சத்தம்தான் கேட்கிறது. எந்த மைக் வாங்கலாம்?

மைக் வாங்கும் முன் நண்பரின் போனை வாங்குங்கள். ரெக்கார்டரை ஓடவிட்டு, நடிகரின் சட்டைப் பையில் தலைகீழாக வையுங்கள். போனின் மைக் பொதுவாக அடியில் இருக்கும், தலைகீழாக வைத்தால் அது வாயைப் பார்க்கும். கஞ்சி போட்ட சட்டை வேண்டாம், ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். ஷாட் தொடங்கும்போது கேமராவுக்கு முன்னால் ஒரு முறை கை தட்டுங்கள். எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் அந்தத் தட்டில்தான் சேர்ப்போம்.

அந்த ‘உஸ்ஸ்’ போனின் இன்னொரு கெட்டிக்காரத்தனம். யாரும் பேசாத நேரத்தில் மைக்கின் அளவைத் தானே ஏற்றுகிறது, ஃபேன் சத்தம் மேலே வருகிறது. செயலியில் ஆட்டோ கெயின் என்று இருந்தால் அணையுங்கள். ஃபேனையும்தான். வியர்க்கும், வேறு வழியில்லை.

ஃப்ரிட்ஜையும் அணைக்க வேண்டும். அணைத்ததும் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது, சாவி எடுக்கத் திறந்தால் சுவிட்ச் ஞாபகம் வந்துவிடும். ஒருமுறை நான் சாவி வைக்காமல் அணைத்துவிட்டு வந்துவிட்டேன். நண்பனின் அத்தை வீட்டில் இரண்டு கிலோ வஞ்சிரம் வீணானது. அந்த வீட்டில் இன்றுவரை எனக்குக் காபி இல்லை.

ஷூட்டிங் முடிந்ததும் எல்லாரையும் முப்பது நொடி சும்மா நிற்கச் சொல்லி அந்த அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். வசனங்களை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைப்போம்.

கேள்வி: இவ்வளவு எதற்கு, டப்பிங்கில் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்பாட்டில் நன்றாகப் பேசிய பையன் டப்பிங்கில் பாடம் ஒப்பிப்பதைப் பல முறை கேட்டிருக்கிறேன். வேறு வழியில்லை என்றால் புடவை நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, துணியைப் பார்த்து நின்று பேசச் சொல்லுங்கள். எதிரொலி வராது.

கேள்வி: ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது. நாலாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். ஏன்?

போன் ஒரே சீராக ஃப்ரேம் எடுப்பதில்லை. 30 என்று சொல்லிவிட்டு வெளிச்சம், சூடு பார்த்துக் கூட்டிக் குறைக்கும். எடிட்டிங் மென்பொருள் குழம்பிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ தேர்ந்தெடுத்து எல்லாக் கிளிப்பையும் மாற்றிவிட்டு எடிட்டிங் தொடங்குங்கள். தொடங்கிய பிறகு மாற்றினால் இரட்டை வேலை.

கேள்வி: எடிட்டிங்குக்கு எது? எட்டு ஜி.பி. ராம் லேப்டாப்.

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு அருமையானது, ஆனால் உங்கள் லேப்டாப் முக்கும். ஷாட்கட் அல்லது கேடென்லைவ் போதும்.

கேள்வி: டைட்டிலில் ‘கொடி’ என்று அடித்தால் கொம்பு இடம் மாறி விழுகிறது.

சில மென்பொருள்களுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. லிப்ரெஆபீஸிலோ இங்க்ஸ்கேப்பிலோ தலைப்பை எழுதி, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக்கி உள்ளே கொண்டுவாருங்கள். பெயர் வரிசையையும் அப்படியே செய்யுங்கள். ஒளிப்பதிவாளரின் பெயரையே தப்பாகப் போட்டு வந்த படத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பின்னணிக்குப் பழைய சினிமாப் பாட்டு போடலாமா?

கூடாது. யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வரலாம், போட்டியிலும் தள்ளிவிடலாம். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. தபேலா வாசிக்கத் தெரிந்த வகுப்புத் தோழர் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: எடிட்டருக்கு எல்லாக் கிளிப்பையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மங்கலாக இருக்கிறது என்கிறார்.

வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் நசுக்கித்தான் அனுப்பும். ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்புங்கள், இல்லாவிட்டால் பென்டிரைவில் போட்டு நேரில் போய்க் கொடுங்கள். அவர் காப்பி எடுத்து, திறந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை போனில் இருப்பதை அழிக்காதீர்கள்.