மனநல நர்சிங் படிக்க நினைக்கும் மகள்: கலங்கும் அம்மாவுக்குச் சில வார்த்தைகள்

வணக்கம் அம்மா. மகளை மனநல நர்சிங் படிக்க விடலாமா என்ற உங்கள் கேள்விக்குள் இரண்டு பயங்கள் இருக்கின்றன. மனநல வார்டில் மகளை யாராவது தாக்கிவிடுவார்களோ என்பது ஒன்று. வருடக்கணக்கில் அந்தச் சூழலில் இருந்தால் அவள் மனமும் பாதிக்கப்படுமோ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் வருகிறேன். அதற்கு முன், அங்கே அவளுக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பயம் அதிலேயே குறையும்.

பூட்டிய வார்டுக்குச் சாவி வைத்துக்கொண்டு காவல் இருப்பதுதான் இந்த வேலை என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ், நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையில் வளரும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று விரிவாக எழுதினார். மருந்தைப் புரிந்துகொள்ள வேண்டும், மனிதரோடு பேசத் தெரிய வேண்டும். உங்கள் மகள் கற்கப்போவது இந்த இரண்டையும்தான்.

ஓர் உதாரணம். மிகையான உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய்க்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடும் ஒருவருக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. காலையில் டம்ளரைப் பிடிக்கும்போது கை வழக்கத்தைவிட அதிகமாக நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. தெரியாதவர்கள் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுவார்கள். மனநல நர்ஸ் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுவார், ரத்தத்தில் லித்தியம் அளவை உடனே பார்க்க வேண்டும் என்பார். உடம்பில் நீர் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும். மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் குளோசபின் மருந்தைச் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தாலும் இதே அவசரம்தான், அந்த மருந்தால் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் குறைந்திருக்கலாம்.

இன்னொன்று, கடும் மனச்சோர்வில் படுக்கையை விட்டே எழாமல் கிடந்தவர் ஒரு நாள் குளித்து, தலைவாரி வந்து உட்காருகிறார். குடும்பத்தார் முகத்தில் நிம்மதி. அனுபவமுள்ள நர்ஸ் அன்றைக்குக் கண்காணிப்பைத் தளர்த்த மாட்டார். சிலருக்குத் தெம்பு முதலில் வந்துவிடும், வாழ வேண்டும் என்ற எண்ணம் பின்னால்தான் வரும். அந்த இடைவெளி ஆபத்தானது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு யாரோ கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களிலும் இதே கவனம் வேண்டும்.

இப்போது உங்கள் முதல் பயம். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் யாரையும் அடிப்பதில்லை. ஆனாலும் தீவிர நிலையில் சேர்க்கப்படுபவர்களின் வார்டில் தாக்குதல் நடப்பதுண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பயிற்சி இருக்கிறது: நேரெதிரே நெருங்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்பது, வாசலை மறிக்காமல் இருப்பது, குரலைத் தாழ்த்திப் பேசுவது, குழுவில் ஒருவர் மட்டும் பேசி மற்றவர்கள் அமைதியாக இருப்பது. ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் இந்தப் பயிற்சியெல்லாம் பாதிதான் உதவும். எந்த ஆஸ்பத்திரியில் சேர்கிறாள் என்பது அதனால்தான் முக்கியம்.

இரண்டாவது பயத்தில் நியாயம் அதிகம். மனநோய் தொற்றாது, ஆனால் இந்த வேலை தரும் சோர்வு நிஜம். தேறிப் போனவர் மூன்று மாதத்தில் மோசமாகித் திரும்பி வருவார். எப்போதாவது ஒரு நோயாளி தற்கொலை செய்துகொள்வதும் நடக்கும், அது நர்ஸை உலுக்கிவிடும். நல்ல மனசு மட்டும் இருந்தால் இதைத் தாங்கிவிடலாம் என்று நான் நம்பவில்லை. அனுபவமுள்ள ஒருவரோடு தவறாமல் உட்கார்ந்து, நடந்ததை மனம்விட்டுப் பேசும் ஏற்பாடு வேலை நேரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இருபது, முப்பது வருடம் நிலைத்தவர்களுக்குப் பெரும்பாலும் அப்படி ஒரு துணை கிடைத்திருக்கும். வார்டில் களைத்தவர்கள் துறைக்குள்ளேயே இடம் மாறிக்கொள்வதும் உண்டு. வீடு தேடிப்போய்ப் பார்க்கும் சமூக நர்சிங், குழந்தைகள் மனநலம், போதை மீட்பு, மறதி நோய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநலம், கற்பித்தல் என்று வழிகள் ஏராளம்.

படிப்பு விஷயம் சுருக்கமாக. பிரிட்டனில் மனநல நர்சிங் ஆரம்பத்திலிருந்தே தனிப் பிரிவு. பல நாடுகளில் பொது நர்சிங் முடித்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும். எந்த வழியானாலும், முடிந்தால் ஓராண்டாவது பொது மருத்துவ வார்டில் இருக்கட்டும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். அதற்குப் பெரும் காரணம் இதய நோய், சர்க்கரை போன்ற உடல் நோய்கள். நெஞ்சு வலிக்கிறது என்று அப்படி ஒரு நோயாளி சொன்னால், 'பதற்றம்தான்' என்று ஒதுக்காமல் ஈசிஜி எடுக்கத் தெரிந்த நர்ஸ் அவருக்கு வேண்டும்.

அப்புறம், நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அவளும் சில கேள்விகள் கேட்கட்டும். இரவு ஷிஃப்டில் வார்டுக்கு எத்தனை நர்ஸ்கள்? புதிதாகச் சேருபவரோடு மூத்த நர்ஸ் எத்தனை நாள் உடன் இருப்பார்? தாக்குதலோ தற்கொலையோ நடந்தால் மறுநாள் ஊழியர்களுக்கு என்ன செய்வீர்கள்? மழுப்பலாகப் பதில் வந்தால், சம்பளம் நன்றாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம், வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.