18 மீட்டர் கோர்ட்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நீங்கள் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்தேன். நான் ஒரு கிராமத்துப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் சிமெண்ட் கோர்ட் 18 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்தான். ஒரு ரிங்குக்குப் பின்னால் மூன்றடியில் காம்பவுண்டு சுவர். 13, 14 வயதுப் பெண் பிள்ளைகள் 20 பேர் வருகிறார்கள். இங்கே நன்றாக ஆடுபவர்கள், சோனல் (மண்டல அளவு) போட்டிக்குப் பெரிய கோர்ட்டில் இறங்கினால் முதல் குவார்ட்டரிலேயே மூச்சு வாங்கித் தடுமாறிப்போகிறார்கள். இடம் இவ்வளவுதான் என்று விட்டுவிடுவதா?

- ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

விட்டுவிடாதீர்கள். முழுக் கோர்ட் 28-க்கு 15, அதாவது 420 சதுர மீட்டர், பத்துப் பேர் ஆடினால் ஆளுக்கு 42. உங்களுடையது 180. அதிலும் பத்துப் பேரை இறக்கினால் ஆளுக்கு 18தான் கிடைக்கும், பந்து கைக்கு வந்த நொடியில் இரண்டு பேர் மேலே விழுவார்கள், பிள்ளை தலையைக் குனிந்து பந்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பழகுமே தவிர யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கப் பழகாது. பக்கத்துக்கு மூன்று பேராகக் குறையுங்கள், ஆளுக்கு 30 ஆகிவிடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் சேர்க்கப்பட்ட மூன்றுக்கு மூன்று ஆட்டத்தின் கோர்ட் 15-க்கு 11, வெறும் 165 சதுர மீட்டர். உங்கள் கோர்ட் அதைவிடப் பெரியது!

மற்ற 14 பேர் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு கூடை போட்ட அணி நிற்கட்டும், தோற்ற அணி வெளியேறட்டும், அடுத்த மூவர் உள்ளே வரட்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொண்டே இருக்கும். காத்திருப்பவர்கள் ரிங் இல்லாத பக்கத்துச் சுவரில் பாஸ் அடிக்கட்டும். வாரத்தில் இரண்டு நாளாவது டிரிபிளே (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது) இல்லாமல் ஆட விடுங்கள், பாஸ் மட்டும். முதல் நாள் சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

அப்புறம், ஸோன் டிபென்ஸ் வேண்டாம், அதாவது ஆளைப் பிடிக்காமல் ஆளுக்கொரு இடத்தைக் காத்து நிற்பது. இதை நான் செய்த தவறிலிருந்து சொல்கிறேன். நான் பயிற்சி கொடுத்த கோர்ட்டும் இப்படித்தான் குறுகியது, அங்கே முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் என்று ஸோன் போட்டால் எதிரணி உள்ளே நுழையவே முடியாது, ஒரு சீசன் முழுக்க அதிலேயே ஜெயித்தோம். 15 மீட்டர் அகலத்தில் போய் நின்றபோது அதே ஐந்து பிள்ளைகளுக்கு நடுவே வண்டி ஓட்டலாம் போல இடைவெளி. ஒருவரை ஒருவர் மார்க் பண்ணக் கால் பழகவே இல்லை, அந்த ஒரு வருடத்தை நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்று இன்றும் வருத்தம் உண்டு. ஆளுக்கு ஓர் எதிராளியைப் பிடிக்கும் மேன்-டு-மேன் மட்டும் சொல்லிக்கொடுங்கள், உள்ளூரில் நாலு மேட்ச் தோற்றாலும் சரி.

சுவர் விஷயம் அவசரம். விதிப்படி கோட்டுக்கு வெளியே இரண்டு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். மூன்றடியில் சுவர் இருந்தால் அடிபடுவது ஒருபக்கம், லே-அப் (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் எம்பிப் பந்தைப் போடுவது) போடும்போது கடைசி எட்டில் பிள்ளைகள் தானாகவே பிரேக் போடுவார்கள், அந்தப் பழக்கம் பெரிய கோர்ட்டுக்கும் கூடவே வரும். பழைய நார் மெத்தைகளைச் சுவரில் கட்டுங்கள். அதுவரைக்கும் வேகமான லே-அப் எல்லாம் மற்ற ரிங்கில் மட்டும்.

மூச்சு வாங்குவது பற்றி. பாதி மூச்சுதான் டீச்சர், மீதி தூரம் பழகாதது. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் 28-க்கு 15 கோடு போடுங்கள், ரிங்கே தேவையில்லை. மூன்று பேர் பாஸ் பண்ணிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடட்டும், ரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் கையைத் தூக்கி நின்று பந்தை வாங்கட்டும். 18 மீட்டரில் வளர்ந்த பிள்ளை தோளுக்கு மேலிருந்து நீளமாக எறியும் பாஸை எறிந்தே பார்த்திருக்காது, அதைப் பழக வேறு இடம் இல்லை.

கார்னரும் அப்படித்தான். உங்கள் கோர்ட்டில் ரிங்கிலிருந்து பக்கக் கோடு 5 மீட்டர், முழுக் கோர்ட்டின் ஓரத்தில் மூன்று புள்ளிக் கோடே 6.60 மீட்டரில் இருக்கிறது. அந்த இடத்தில் நிற்கலாம் என்பதே உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது, எல்லோரும் நடுவில் வந்து குவிவார்கள். கோர்ட்டுக்கு வெளியே மண்ணில் அந்தத் தூரத்தில் ஒரு குறி போட்டு, ஆட்டத்தின் நடுவே ஒரு பிள்ளை அங்கே நின்று பந்து வாங்கட்டும். ஷூட் பண்ண வேண்டாம், நின்றால் போதும்.

சோனல் எந்த மாதம் என்று எழுதுங்கள், அதற்குத் தகுந்தபடி வாரக் கணக்கு போட்டு அனுப்புகிறேன்.