ஒரே கிட்டாரில் ஐந்து பத்தாண்டுகள்

தக்கலை ஆலயத்தில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு 50களிலிருந்து 90கள் வரை பாடல்களைக் கோத்து வாசிக்கிறீர்கள், எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஆரம்பத்திலிருந்தே ஏற்றி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

50களுக்கு அதை அணைத்துவிடுங்கள். ராக் அண்ட் ரோல் கலைஞர் சக் பெர்ரி வாசித்தது போல இரண்டு தந்திகளைச் சேர்த்து அடித்தாலே போதும். 60களுக்கு ஃபஸ் என்ற கரடுமுரடான சத்தம், கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பக்கம் போனால், காலால் அழுத்தி ‘வா-வா’ என்று ஒலிக்கச் செய்யும் வா-வா பெடல்.

70கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். தந்தியின் இறுக்கம் குறையச் சுருதியை இறக்கினார், சத்தமும் கனத்தது. மேடையில் நடுவில் சுருதி மாற்ற நேரமிருக்காது, ஆகவே தடித்த தந்திகளில் பவர் கார்டு (இரண்டு மூன்று தந்திகளில் பிடிக்கும் எளிய கார்டு) மட்டும் பிடியுங்கள்.

80களுக்கு கோரஸும் (பல கிட்டார்கள் சேர்ந்து ஒலிப்பது போன்ற விளைவு) டிலேயும் (சத்தம் சற்றுத் தாமதித்துத் திரும்பக் கேட்பது). கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனின் டேப்பிங்கை (மீட்டும் கை விரலாலும் தந்தியைத் தட்டி வாசிப்பதை) நன்றாகப் பழகியிருந்தால் மட்டும் தொடுங்கள். 90களின் கிரஞ்ச் என்ற ராக் பாணிக்குச் சரணம் அமைதியாக, பல்லவியில் டிஸ்டார்ஷன் முழுதாக.

அப்புறம், உயரமான கூரை உள்ள ஆலயத்தில் எதிரொலி ஏற்கெனவே இருக்கும். எதிரொலி சேர்க்கும் ரிவெர்பை வீட்டில் வைத்ததில் பாதியாகக் குறையுங்கள். முடிந்தால் முந்தின நாளே அங்கே வாசித்துப் பாருங்கள்.