டேம் கரையில் கூட்டமாகக் கூடாரம்: கேள்வி பதில்

காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்கள் பக்கம் பாடசாலைப் பிள்ளைகளையும் இளைஞர் கழகங்களையும் கூட்டிக்கொண்டு போய் முகாம் நடத்துகிறேன். அதனால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அக்கா, நாங்கள் கொழும்பிலிருந்து இருபது பேர். காசல்ரீ பக்கம் எந்த மாதம் வரலாம்? தண்ணீர் ஓரமாக நல்ல புல்தரை இருக்கிறதே, அங்கேயே கூடாரம் அடிக்கலாமா?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மே பிறந்தால் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் அடிக்கத் தொடங்கும். செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் துணி காயாது. ஒக்டோபர், நவம்பரில் காலை வெயிலாக இருக்கும், பிற்பகலில் இடியோடு கொட்டும். இன்னொன்று, டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். வார இறுதியிலும் போயா நாளிலும் ஹட்டன் வீதியில் வாகனம் நகராது. முடிந்தால் கிழமை நாளில் வாருங்கள்.

அந்தப் புல்தரையில் அடிக்காதீர்கள். கரை மாதிரித் தெரிந்தாலும் அது நீர்த்தேக்கத்தின் அடிநிலம். தண்ணீர் இறங்கியிருப்பதால் புல் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழாமலே மேலே மலையில் பெய்த மழையால் இரவோடு இரவாகத் தண்ணீர் ஏறும். கரையோரம் நடந்து பாருங்கள். சுள்ளி, சருகு, பிளாஸ்டிக் போத்தல் எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கியிருக்கும். தண்ணீர் வந்து போன உயரம் அது. அதற்கும் நன்றாக மேலே, சரிவில் ஓடிவரும் மழைநீர் பாயாத மேட்டில் கூடாரம் இருக்க வேண்டும். யூகலிப்டஸ் மரத்துக்கு நேர்க்கீழேயும் வேண்டாம், காற்றில் பெரிய கிளையே முறிந்து விழும். அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றுப்படுகையில் தங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள். வான்கதவு திறந்தால் ஓட நேரம் இருக்காது.

அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்?

கரை யாருடையது என்று முதலில் கேளுங்கள். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் மின்சார சபையுடையவை. சுற்றியுள்ள மலை தோட்டத்துடையது, அதற்குத் தோட்ட நிர்வாகம். மேலே ஒதுக்குக் காடு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம், நக்கிள்ஸும் அவர்கள் பொறுப்புத்தான். ஹோர்டன் சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே வனஜீவராசிகள் திணைக்களம் குறித்துக் கொடுத்த இடத்தில் மட்டும், முன்பதிவோடு தங்கலாம். இருபது பேர் என்றால் மலசலகூடம் உள்ள, கட்டணம் வாங்கும் முகாம் இடத்துக்கே போங்கள். எங்கே தங்கினாலும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் பெயர்ப் பட்டியல் ஒன்று கொடுத்துவிட்டுப் போங்கள்.

ரந்தெனிகல கரையில் தங்கலாமா அக்கா? இடம் வெறிச்சோடி அழகாக இருக்கிறது.

யானை தண்ணீர் குடிக்க வரும் கரை அது. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை மூன்றும் சேர்ந்து சரணாலயம். வேண்டாம்.

அட்டைக்கு என்ன செய்வது?

காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டு, காலுறையின் மேல் சவர்க்காரத்தை ஈரமாகத் தேயுங்கள். உப்பை ஒரு துணியில் முடிந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை. கழுவி, அழுத்திப் பிடித்துக் கட்டுங்கள்.

பதுளையிலிருந்து எழுதுகிறேன். கேம்ப் ஃபயருக்கு விறகு அங்கேயே பொறுக்கலாமா, கொண்டு வர வேண்டுமா?

ஒதுக்குக் காட்டில் காய்ந்த சுள்ளியைக்கூடப் பொறுக்கக் கூடாது. என்னைக் கேட்டால் பெரிய நெருப்பே வேண்டாம். சமைக்கக் கேஸ் அடுப்பு போதும். காரணம் குளவியும் மலைத்தேனீயும். டேமைச் சுற்றி நிற்கும் உயரமான மரங்களிலும் பாறை இடுக்கிலும் கூடு தொங்கும். கீழேயிருந்து பார்த்தால் கிளையோடு கிளையாகத்தான் தெரியும். புகை மேலே போனால் கூடு கலங்கும். இரவில் பெரிய வெளிச்சத்தைக் கண்டும் தேனீ இறங்கும். நீங்கள் மறுநாள் காலை பஸ் ஏறிவிடுவீர்கள். கலங்கிய கூட்டுக்குக் கீழே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்பது கொழுந்து எடுக்கிற பெண்கள். மலையகத்தில் குளவிக் கொட்டுச் செய்தி வராத மாதம் உண்டா?

மகள், நான் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். மலையில் சருகு எரிப்போம், தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவோம். அதனால் குளவி வந்து நான் பார்த்ததில்லை. கூட்டைக் கலைப்பது பருந்து. நகரத்துப் பிள்ளைகள் ஒரு இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடக் கூடாது என்றால் அது என்ன முகாம்?

ஐயா, பருந்து விஷயம் உண்மைதான். தேனடையைக் கொத்த வரும் பருந்தால் கூடு கலைவதை எல்லாத் தோட்டத்திலும் சொல்வார்கள். பலத்த காற்றும் கலைக்கும். ஆனால் எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதற்குத் தள்ளித்தான் அடுப்பு மூட்டியிருப்பீர்கள். வெளியூரிலிருந்து இருட்டில் வந்து இறங்கும் செட்டுக்கு அது எப்படித் தெரியும்? ஆள் உயரத்துக்கு எரிய வைத்து, பச்சை இலையும் போட்டுப் புகை கிளப்பி, ஸ்பீக்கர் பொக்ஸில் பாட்டும் போடுகிறார்கள். தேத்தண்ணி அடுப்பையும் இதையும் ஒன்றாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மா கொழுந்து எடுக்கிறவர். எங்கள் மலை டேமை ஒட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை செட் ஒன்று வந்து போனால் திங்கட்கிழமை அம்மா மரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நிரையில் இறங்குகிறார். நெருப்பா பருந்தா என்று நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். கொட்டு வாங்குவது நாங்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தால் அன்றைய பெயரும், அதாவது நாள் சம்பளமும், போகும்.

தம்பி, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், உங்கள் வாயால் வந்தது நல்லது. மலைக்கு வருகிறவர்கள் இதை ஒரு தடவை நின்று வாசிக்க வேண்டும். விளையாட்டுக்காக நாம் மூட்டும் நெருப்பால் ஒருவருடைய நாள் சம்பளமோ உயிரோ போகுமென்றால், அந்த நெருப்பில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

மகள், அந்தத் தம்பி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அடுப்புக்கல் கட்டி வைத்திருக்கிற இடத்திலாவது விடலாமே. பிள்ளைகள் நெருப்பை மதிக்கப் பழக வேண்டாமா?

அதற்கு எனக்கு மறுப்பில்லை ஐயா. முகாம் இடத்துக்காரர் கட்டிய அடுப்பு, அவர்களே தரும் காய்ந்த விறகு, முழங்காலுக்குக் கீழே சுடர். வெளிச்சம் இருக்கும்போதே மேலே உள்ள மரங்களைப் பார்த்து, கூடு இல்லை என்று அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்ட பிறகு. படுக்கும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கை வைத்தால் சுடக் கூடாது. காற்று அடித்தால் அதுவும் வேண்டாம். ஊவாப் பக்கம் வறட்சிக் காலத்தில் பதனைப் புல் பற்றினால் ஒரு மலையே கருகிவிடும், அங்கே ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை தீக்குச்சியே எடுக்காதீர்கள்.

கூடு கலைந்துவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கையை வீசி அடிக்காமல், முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள். வாகனம் அல்லது கட்டடத்துக்குள் போய்க் கதவை மூடுங்கள். தண்ணீரில் குதிக்காதீர்கள், அவை மேலே சுற்றிக்கொண்டு நிற்கும், நீங்கள் குளிரில் மூழ்குவீர்கள். தேனீ என்றால் கொடுக்கு தோலில் நிற்கும், அதை உடனே சுரண்டி எடுங்கள். மூச்சு முட்டினால், உதடு வீங்கினால், தலை சுற்றினால், அல்லது பல இடத்தில் கொட்டியிருந்தால் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். ஒவ்வாமை உள்ளவர் யார் என்று புறப்படும் முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

அட்டை கடிக்காமல் இருக்க ஏதாவது…

மேலே சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் நன்றாக நீந்துவோம். மவுசாகலையில் இறங்கலாமா?

வேண்டாம். அந்த நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் இருக்கிறது. கடும் வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோவிலே வெளியே தெரியும். சுவர், படி, மரக்கட்டை எல்லாம் சேற்றோடு கீழே கிடக்க, மேலே தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும். கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் இடுப்பளவு, மூன்றாவது அடியில் தரை இருக்காது. குளிரில் காலும் பிடித்துக்கொள்ளும்.

நுவரெலியா குளிரைப் பிள்ளைகள் தாங்குவார்களா?

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் புல்லின் மேல் உறைபனி விழும். காசல்ரீ அதைவிட மிகவும் கீழே, அவ்வளவு இருக்காது. குளிர் மேலேயிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். ஆகவே போர்வை வாங்கும் காசில் பாதியைக் கீழே விரிக்கிற பாய்க்குக் கொடுங்கள். முதலில் படங்கு, அதன் மேல் பாய், அதன் மேல் கம்பளி. படுக்கும்போது காய்ந்த காலுறை ஒரு சோடி தனியாக வேண்டும். சின்னக் கேஸ் டின்னில் பியூட்டேன் மட்டும் இருந்தால் பூச்சியத்தை ஒட்டிய குளிரில் சரியாக எரியாது, டின்னை உடுப்புக்குள் வைத்துச் சூடாக்கி எடுங்கள். கூடாரத்துக்குள் கரிச் சட்டி வைத்துத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். எந்தக் குளிருக்கும் அதைச் செய்யாதீர்கள்.

டேம் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

கொதித்தால் கிருமி சாகும். நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம், ஹோர்டன் சமவெளி போல 2,000 மீற்றருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். ஆனால் தேயிலை மலைக்கு அடித்த மருந்தும் உரமும் மழையில் டேமுக்குத்தான் வரும், அவை கொதிக்க வைத்தால் போகாது. லயத்துக்காரரிடம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களிடம், கேட்டுப் பீலியில் (குழாய்வாயில்) விழும் ஊற்றுத் தண்ணீர் பிடியுங்கள். அவர்கள் பிடித்து முடிந்த பிறகு பிடியுங்கள். பீலியிலும் டேமிலும் சவர்க்காரம் போட்டுச் சட்டி கழுவாதீர்கள், வாளியில் அள்ளித் தள்ளிப் போய்க் கழுவுங்கள்.

சிறுத்தை வருமா அக்கா?

தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, உங்களைக் கண்டால் விலகிப் போகும். பிள்ளைகளை இருட்டில் தனியாக அனுப்பாதீர்கள், நாயைக் கொண்டு வராதீர்கள். பாதையை விட்டுப் புதருக்குள் போகவும் வேண்டாம், பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு கிடக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் சிக்கிச் செத்தது. சுருக்கைக் கண்டால் 1992க்குச் சொல்லுங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்து எண்.

இருபது பேருக்கு எவ்வளவு அரிசி?

ஒரு வேளைக்கு மூன்று கிலோ தாராளம். பருப்பு, டின் மீன், கட்டச் சம்பல், காலைக்கு ரொட்டி. மிச்சச் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்தால் பன்றி தேடி வரும்.

குளிக்க டேமில் இறங்கலாமா?

இறங்க வேண்டாம். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

மழை பிடித்துக்கொண்டால் முகாமைக் கலைப்பதா, பொறுத்துப் பார்ப்பதா?

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினாலே மண்சரிவு அபாயப் பகுதிகளில் விழிப்பாக இருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். உங்கள் பிரதேச செயலாளர் பிரிவுக்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று புறப்படும் முன்பும் தங்கும் இரவிலும் பாருங்கள். எச்சரிக்கையின் முதல் நிலையான மஞ்சள் நிறம் வந்தாலே நான் பிள்ளைகளை ஏற்றிவிடுவேன். தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இருந்த ஊற்று நின்று போவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சாமானை விட்டுவிட்டு ஆட்களை நகர்த்துங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைந்ததை மறந்துவிட்டு யாரும் மலைச்சரிவில் படுக்கக் கூடாது. பணம் கட்டிவிட்டோம் என்று பெற்றோர் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் எழுதிக் கொடுங்கள்.

கூடாரம் வாடகைக்கு எங்கே கிடைக்கும்?

நீங்கள் பதிவு செய்யும் முகாம் இடத்திலேயே கேளுங்கள். வாங்கியதும் அங்கேயே விரித்து, கம்பியும் முளையும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.