‘ஓபிதே’: எதிர்மறையோடு ஒட்டிப் பிறந்த ஸ்பானிஷ் சொல்

கே: செய்தியில் ‘நோ எஸ் ஓபிதே’ என்று வந்தது. என்ன பொருள்?

ப: ‘அது ஒரு தடையல்ல’. ஓபிதே என்றால் தடை, இடையூறு. ஆண்பால் பெயர்ச்சொல், அழுத்தம் ‘ஓ’வில். ஸ்பெயினில் பெரும்பாலும் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து ‘தே’. லத்தீன் அமெரிக்காவில் ‘ஓபிசே’.

கே: ஸ்பானிஷ் மொழிக்கான ராயல் அகாதெமியின் அகராதியில் ‘எம்பராதோ’ என்றும் பொருள் போட்டிருக்கிறதே அக்கா, அது கர்ப்பம் இல்லையா?

ப: கர்ப்பமேதான்! ஆனால் அந்தச் சொல்லுக்கு இடைஞ்சல் என்றும் பழைய பொருள் உண்டு. அகராதி சொல்வது அதைத்தான். பயப்பட வேண்டாம்.

கே: ரோட்டில் மரம் விழுந்து கிடந்தால் அது ஓபிதேயா?

ப: இல்லை, அது ‘ஓப்ஸ்தாகுலோ’. கண்ணால் பார்க்கிற, கால் இடறுகிற எதற்கும் ஓபிதே வராது. வேடிக்கை என்னவென்றால், மூலச்சொல்லான லத்தீன் ‘ஓபெக்ஸ்’ அசல் மரக்கட்டைதான்: கதவுக்குக் குறுக்கே போடுகிற தாழ், நம் கோட்டைக் கதவுகளின் கணையமரம் மாதிரி. 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் ஞானஸ்நானம் போன்ற அருளடையாளங்களைப் பற்றி எழுதும்போதே, அருளுக்குக் குறுக்கே மனிதர் போடும் தடை என்ற பொருளில் அது வந்துவிட்டது. கட்டை போய்க் கருத்து மட்டும் மிஞ்சியது.

கே: எப்போதும் ‘நோ’வோடுதான் வருமா?

ப: கிட்டத்தட்ட. தமிழில் ‘கிஞ்சித்தும்’ என்று தொடங்கினால் ‘இல்லை’யில் முடித்தாக வேண்டுமே, அந்த மாதிரி. ‘எஸ் உன் ஓபிதே’ என்று உடன்பாட்டில் எழுதினால் தப்பில்லை, ஆனால் காதுக்கு ஒட்டாது. நீதிமன்றத் தமிழ் போல அங்கேயும் ஒரு நீதிமன்ற ஸ்பானிஷ் உண்டு. அதில் மட்டும் இது தாராளமாகப் புழங்கும். ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புகளில் ‘ஓபிதே புரோதெசால்’ பார்க்கலாம்: மனுவை விசாரணைக்கு எடுக்கவிடாத நடைமுறைக் குறை.

கே: ‘நோ எஸ் ஓபிதே’யோடு ‘பாரா கே’ (‘இன்னது நடப்பதற்கு’) சேர்ந்தால், அதற்கு அப்புறம் வினை எப்படி வரும்?

ப: சப்ஜங்க்டிவ்தான் (விருப்பம், ஐயம், நோக்கம் போன்றவற்றுக்கு வரும் வினைவடிவம்), யோசிக்கவே வேண்டாம். ‘லா யுபியா நோ ஃபுவே ஓபிதே பாரா கே சாலியேரா லா புரோதெசியோன்’: மழை பெய்தும் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் ‘ஃபுவே’ என்று இறந்தகாலம் இருப்பதால் நிகழ்கால வடிவமான ‘சால்கா’ அல்ல, இறந்தகால வடிவமான ‘சாலியேரா’. வாக்கியம் சரி, விஷயம்தான் இடிக்கிறது. ஸ்பெயினின் செவில்லியா நகரில், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மழை வந்தால் பழைய மரச்சிலைகள் நனைந்துவிடும் என்று ஊர்வலத்தையே நிறுத்திவிடுவார்கள். அங்கே மழை நிஜமாகவே ஓபிதே!

கே: ‘நோ ஓப்ஸ்தாந்தே’யும் இதுவும் ஒன்றா?

ப: இல்லை. அது ‘ஆயினும்’.

கே: பேச்சில் சொல்லலாமா மேடம்?

ப: நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஸ்பெயினின் சலமாங்கா நகரில் வாடகைக்கு அறை பார்க்கப் போனேன். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டுக்கார அம்மா தயங்கித் தயங்கி அதைச் சொன்னதும், ‘எசோ நோ எஸ் ஓபிதே’ என்றேன், மூச்சு வாங்கியபடி. அவர் கையிலிருந்த சாவியோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இஹா, பரேதெஸ் உனா நோதாரியா!” பத்திரப்பதிவு அதிகாரி மாதிரிப் பேசுகிறாயே மகளே, என்று அர்த்தம். ‘நோ பாசா நாதா’ (பரவாயில்லை) என்றிருந்தால் போதும். அறை கிடைத்தது, இருந்தவரைக்கும் எனக்குப் பேர் ‘நோதாரியா’தான்.