லேப்டாப்புக்காகச் சங்கிலியை அடகு வைக்க வேண்டாம், அம்மா

அம்மா, நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் பாதிதான் பதில் சொன்னேன். மகளுக்குப் புதுச்சேரியில் சிவில் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது, காலேஜ் திறக்கப் பத்து நாள்தான் இருக்கிறது, கடைக்காரர் 90,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் லேப்டாப்பைக் காட்டி இன்ஜினியரிங் என்றால் இதுதான் என்கிறார், சங்கிலியை வைத்து வாங்கிவிடட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். லேப்டாப் இன்றைக்கே தேவையில்லை. அந்த விலைக்கும் தேவையில்லை.

முதல் வருடம் கணக்கு, இயற்பியல், வேதியியல், கூடவே சி அல்லது பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி இருக்கும். சி, பைத்தான் எல்லாம் காலேஜ் லேபில் உள்ள சாதாரண கம்ப்யூட்டரிலேயே ஓடும். வரைபடப் பாடத்துக்குப் பல கல்லூரிகளில் இன்னும் டிராயிங் போர்டும், அதில் கையால் கோடு போடும் டிராஃப்டர் கருவியும்தான். அதனால் காலேஜ் திறந்து ஒரு மாதம் போகட்டும். அதே பிரிவில் மூன்றாம் வருடம் படிக்கும் அக்காக்கள் இரண்டு பேரிடம், என்ன சாப்ட்வேர் போடுகிறார்கள், எந்த லேப்டாப் திணறுகிறது என்று அவளே கேட்டு வரட்டும். கடைக்காரரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சிவிலில் பின்னால் வருவது ஆட்டோகேட், ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ், ரெவிட் என்ற, கட்டடம் வரையவும் அதன் பலத்தைக் கணக்கிடவும் உதவும் சாப்ட்வேர்கள். ஆட்டோகேடும் ரெவிட்டும் மாணவர்களுக்கு இலவசம். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் தளத்தில் மாணவி என்று நிரூபித்தால் ஒரு வருடத்துக்குத் தருவார்கள், அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆட்டோகேட் தவிர மற்ற மூன்றும் விண்டோஸில்தான் ஓடும். தோழி வைத்திருக்கிறாள் என்று அவள் ஆப்பிள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ரெவிட்டின் புதிய பதிப்புகள் குறைந்தது 16 ஜிபி மெமரி (ரேம்) கேட்கின்றன. உங்கள் காசு போக வேண்டிய இடம் அதுதான். கையில் உள்ள பணத்துக்கு 8 ஜிபிதான் வருகிறது என்றால், பின்னால் கூட்டிக்கொள்ள காலி ஸ்லாட் இருக்கும் மாடலாகப் பாருங்கள். சில மெலிசான லேப்டாப்களில் மெமரியைப் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்துவிடுவார்கள், பிறகு கூட்டவே முடியாது. வாங்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலேயே கல்லூரி ப்ராஜெக்ட் அளவுக்கு வேலை நடக்கும். 50,000 முதல் 60,000 ரூபாய்க்குள் தேடுங்கள்.

எடையையும் பாருங்கள். கடலூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போகப்போகிறாள். கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், அதன் சார்ஜர் தனிச் சுமை, பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். நின்றுகொண்டே போகும் பிள்ளையின் தோளுக்கு ஒன்றரை கிலோவே அதிகம்.

உங்கள் அண்ணன் மகன் 15,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்ன பழைய லேப்டாப்பில் ஐ7 (இன்டெல் ப்ராசஸரில் ஒரு வகை) என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள். எத்தனையாவது தலைமுறை ஐ7 என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு முறைப்படி இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தையது என்றால் சொந்தக்காரர் ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாண்டியில் வாங்கினால் வரி குறைவு என்ற நினைப்பு நம் பக்கம் இன்னும் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் பாண்டி நேரு வீதியிலும் லேப்டாப்புக்கு ஒரே 18 சதவீதம்தான். அதனால் விலையோடு, பழுதானால் புதுச்சேரியிலேயே சர்வீஸ் சென்டர் உண்டா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் கேளுங்கள். சென்னைக்குப் போனால் தேர்வு நேரத்தில் கை வெறுமையாகிவிடும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, என்னிடம் ஆலோசனைக்கு வந்த இறுதியாண்டு மாணவர் ஒருவரின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, லேப்டாப்போடு அவருடைய ப்ராஜெக்டும் போய்விட்டது. அந்தப் பிள்ளை அழுதது இன்னும் என் மனதைவிட்டுப் போகவில்லை. கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் அதில் போட்டு வைக்க உங்கள் மகளை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்.

சரி, பணம். கல்விக் கடனுக்கு மனு கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். படிப்புக்குத் தேவை என்றால் நியாயமான விலையில் கம்ப்யூட்டர் வாங்கும் செலவையும் கடனில் சேர்க்கலாம் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இருக்கிறது. ஃபீஸ் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடன் தொகை முடிவாவதற்கு முன்பே கடையில் ஒரு கொட்டேஷன் வாங்கி, இந்த வாரமே மேனேஜரைப் பார்த்து அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் எனக்குப் போன் செய்யுங்கள், நானும் கூட வருகிறேன்.